பீங்கானின் அடிப்பக்கம்

அம்மாவை அடக்கம் செய்த மறுவாரம், நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அவளுடைய கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை அகஸ்டினா திறந்தாள். பழைய சேலைகளுக்கு நடுவே, விளிம்பில் ரோஜாப்பூ போட்ட பீங்கான் தட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள்.

அப்பா அந்தோனிப்பிள்ளை, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் சமையற்காரராக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்து ரோஜாப்பூப் பீங்கான் செட் ஒன்று அங்கே காணாமல் போனபோது பழி அவர்மேல் விழுந்தது. வேலை போனது. தம்பி ஜெசிந்தனைப் பள்ளிக்கூடத்தில் ‘பீங்கான் கள்ளன் மகன்’ என்றார்கள். கொழும்புக்குப் போனவன் அப்பாவின் சாவுக்குக்கூட வரவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு வந்து, மண் போட்ட கையோடு பஸ் ஏறிவிட்டான். அப்பா எடுக்கவில்லை என்று ஊரோடு சண்டை பிடித்தவள் அகஸ்டினா மட்டும்தான்.

இப்போது பீங்கான் அவள் மடியில் இருந்தது.

ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு பதுளைக்குப் போனாள். பழைய வீட்டுச் சாமான் விற்கும் றிப்கா அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்து முத்திரையை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் இல்ல அக்கா. அந்தப் பூவைப் பாத்து இங்க செஞ்சது. இந்தா, சிலோன்னுகூட இல்ல. ஸ்ரீலங்கான்னு போட்டிருக்கு, நாட்டுப் பேரு மாறின பொறகு வந்தது.”

“அப்ப பங்களாவுல இருந்தது?”

“அது இங்கிலாந்துச் சாமான்னா, இது அது இல்ல.”

திரும்பி வந்ததும் லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருந்த ரெங்கம்மாவிடம் காட்டினாள். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவள் அவள். பீங்கானைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒங்கப்பா எடுக்கல புள்ள. போலீசுல குடுப்பேன்னு தொர மெரட்டுனாரு. பயந்துபோயி, அதே மாதிரி செட்டு தேடி வாங்கிட்டுப் போயி நீட்டுனாரு. ‘அப்ப திருடுனத ஒத்துக்கிறியா’ன்னு கேட்டு செட்டோட வெரட்டிட்டாங்க. வாங்குனது தெரிஞ்சா பெத்த புள்ளைகளும் சந்தேகப்படும்னு ஒங்கம்மாகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு. மனசு தாங்காம எங்கிட்ட மட்டுந்தான் அவ சொன்னா.”

அகஸ்டினா பீங்கானை மறுபடி துணியில் சுற்றினாள். பெட்டியைத் திறந்த நாளிலிருந்து அவளும் அப்பாவைச் சந்தேகப்பட்டிருந்தாள்.

சாயங்காலம் தம்பிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒன்றுதான் கேட்டான்.

“கடைசியில அப்பா என்னைய கேட்டாராக்கா?”

அவன் நொந்துபோவானே என்று, இல்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

“கேட்டாருடா. கதவு அசஞ்சாலே நீயான்னு பாத்தாரு.”

மறுபக்கம் அவன் அடக்கமாட்டாமல் அழுதான். அவன் அழுது முடியட்டும் என்று அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.