ஒரு பிடி கூட்டி எழுதியது

கருங்கல் ஊர்ப் பக்கத்தில் வேலித் தகராறு, வழித் தகராறு, குடித்துவிட்டு ஏசிய தகராறு, எதுவானாலும் சுந்தர்சிங்கைத்தான் தேடி வருவார்கள். மனு எழுதுவதில் மனிதர் கில்லாடி. பக்கத்து வீட்டுக்காரன் முறைத்தான் என்றால் 'வெட்ட வந்தான்' என்று எழுதுவார். "ஒரு பிடி கூட்டி எழுதினாத்தான் போலீசு எதிராளிய விளிப்பான். பெறவு பேசி இறங்கிக்கிடலாம்" என்பார். அப்படியே நடக்கும். போலீஸ் இரு தரப்பையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதி வாங்கும். வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் போவார்கள். சட்டம் என்றால் இவ்வளவுதான் என்று அவர் நினைத்ததில் அதிசயமில்லை.

அவர் மகள் ஸ்மைலினுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ. சபைப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற ஜெப்சனோடு அவள் தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நின்றதை யாரோ பார்த்து வந்து சொன்னார்கள். கேட்டபோது அவள் ஒளிக்கவில்லை. "பைக்கில போனோம், பேசினோம், வந்தோம். எனக்கு அவன இஷ்டம்ப்பா" என்றாள். ஜெப்சனுக்குப் பத்தொன்பது. வெல்டிங் படித்துவிட்டுத் துபாய் விசாவுக்குக் காத்திருந்தான்.

"அவனுக்க அப்பன் ராஜையன விளிச்சுப் பேசினா போராதா?" என்று மனைவி எலிசா கெஞ்சினாள்.

"நீ சும்மா கெட. ஸ்டேஷன்ல வச்சு ரெண்டு விரட்டு விரட்டினா பய இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டான்."

மகளிர் காவல் நிலையத்துக்கு மனு எழுத உட்கார்ந்தார். 'ஆசைவார்த்தை கூறி அழைத்துச் சென்றான்' என்று எழுதினார். போதாது என்று தோன்றியது. பழக்கதோஷம், 'தவறாக நடந்துகொண்டான்' என்று ஒரு பிடி கூட்டினார்.

அன்று மாலையே ஜெப்சனைப் பிடித்து வந்துவிட்டார்கள். சுந்தர்சிங் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பேசி முடிக்கப் போனார். "மேடம், பய நல்லா பயந்திட்டான். எழுதி வாங்கிட்டு விட்டிரலாம்."

இன்ஸ்பெக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "என்னத்த எழுதி வாங்க? போக்சோவில எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு. இதுல சமாதானம் பேச முடியாது. நீங்க நினைச்சாலும் வாபஸ் வாங்க முடியாது."

"எனக்க மக இஷ்டப்பட்டுத்தான் போனா மேடம்."

"பதினெட்டு ஆகாத பிள்ளைக்க இஷ்டத்த சட்டம் கணக்கில எடுக்காது ஐயா. நாளைக்குப் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, டாக்டர் பரிசோதிக்கணும். பெறவு மாஜிஸ்திரேட்டு முன்னால வாக்குமூலம்."

"பரிசோதனையா? அது எதுக்கு?"

"தவறா நடந்தான்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

அந்த வரியை அடித்துவிட்டுத் தருவதாகச் சொல்லி சுந்தர்சிங் மனுவைத் திருப்பிக் கேட்டார். எத்தனையோ பேருக்கு ஸ்டேஷனில் பேசித் தீர்த்த வாய் அன்று அவருக்கு உதவவில்லை.

ஜெப்சன் ஜெயிலுக்குப் போனான். விசா போயிற்று. ராஜையன் சபையில் கடைசிப் பெஞ்சுக்கு மாறிக்கொண்டார். சுந்தர்சிங்கை எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார், நாலு வார்த்தை ஏசினாலாவது தேவலை. பள்ளிக்கூடத்தில் ஸ்மைலின் போனால் குசுகுசுப்பு, வந்தால் குசுகுசுப்பு. நடக்காத காரியம் ஊர்வாயில் நடந்தேவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்து அவள் அப்பாவிடம் பேசவில்லை. பாழாய்ப்போன அந்த ஒரு பிடி!

சுந்தர்சிங் போய்ப் பார்த்த வக்கீல் மறைக்காமல் சொன்னார். "ஒண்ணும் நடக்கலன்னு பிள்ள மாஜிஸ்திரேட்டுகிட்ட சொன்னது மட்டும் போராது. கூட்டி எழுதினேன்னு நீரு கோர்ட்டுல ஏறிச் சொல்லணும். பொய்ப்புகாருன்னு உமக்க மேலயே கேசு வரலாம். அப்பவும் பையன் தப்புவான்னு உறுதி சொல்ல முடியாது."

சுந்தர்சிங் வீட்டுக்கு வந்து மகளின் எதிரே தரையில் உட்கார்ந்தார். "மக்களே, நான் கோர்ட்டுல உண்மையச் சொல்லப் போறேன். எனக்கு என்ன ஆனாலும் சரி." அவள் முகம் கொஞ்சமாவது தெளியும் என்று எதிர்பார்த்தார், பாவம்.

அவரிடம் மாதக்கணக்கில் மூடியிருந்த வாயை ஸ்மைலின் அப்போதுதான் திறந்தாள். "அந்த வரிய எழுதும்ப எனக்க மொகம் ஓர்ம வந்துதா அப்பா?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஜெப்சனின் முகம் நினைவுக்கு வந்திருந்தது. ஸ்டேஷன் பெஞ்சு வந்திருந்தது. காரியத்தை முடித்துவிட்டு வெளியே டீ குடிப்பதுகூட வந்திருந்தது.

"இல்ல மக்களே" என்றார், ஒரு பிடியும் கூட்டாமல்.

அவள் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.