ஓய்வறையில் விழுந்த அசதி

மார்ச் 11, செவ்வாய். குடைத் தொழிற்சாலையின் ஓய்வறையில் ஆட்களின் அசதி தரையில் விழத் தொடங்கியது மழைக்காலத்துக்கு முன் என்று நேற்று எழுதியது தவறு. மழை விட்ட பிறகுதான். மற்ற விவரங்கள் சரி. பணியாளர் நலனுக்காக என்று நிர்வாகம் மாடியில் ஓர் அறைக்கு நீல வண்ணம் அடித்துச் சாய்வு நாற்காலிகள் வாங்கிப் போட்டது. அவற்றில் சற்று நேரம் சாய்ந்தவர்களின் உடம்பிலிருந்து அசதி கழன்று, நனைந்த பஞ்சு உருண்டை போலச் சாம்பல் நிறத்தில் நாற்காலிக்கடியில் கிடந்தது. தையல்காரருடையதில் ஊசிமுனைகள் மினுங்கின. கணக்கருடையது உள்ளங்கை அளவுதான், நாற்றம்தான் தாங்கவில்லை. எழுந்தவர்கள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப் போலப் படியிறங்கினார்கள். மேலாளர்கூட யாரும் பார்க்காத நேரமாகப் போய்வந்தார். குடைகள் கூடுதலாகத் தயாராயின. விடுப்புக் கேட்பவர் குறைந்தனர். வாசலில் 'நலமான பணியிடம்' என்று பலகை மாட்டினார்கள்.

குடைக்கம்பி பொருத்துகிறவள் மட்டும் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எதையும் கிளறிப் பார்க்காமல் நம்பமாட்டாள் என்பதால் அவளுக்குத் 'துருவி' என்று பெயர். மின்விசிறி கேட்டதற்கே மூன்று கோடை இழுத்தடித்த நிர்வாகம் கேட்காமலே நாற்காலி கொடுத்தது அவளை உறுத்தியது.

"சும்மா குடுக்குறாங்கன்னு போய் மல்லாந்துட்டு வர்றீங்களே, விழுந்ததை எடைபோட்டு இவன்கிட்ட இன்னும் எவ்வளவு வேலை வாங்கலாம்னு பார்த்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"நீதானே? உன் நிழல் பின்னால வந்தாலே எவன் அனுப்பினான்னு கேப்ப," என்றார் தையல்காரர்.

பிறகு ஒருநாள் ஆளில்லாத வேளையில் அவள் போய் நாற்காலிகளைத் தடவினாள், சுவரைத் தட்டினாள். ஒன்றும் சிக்கவில்லை. விழுந்ததை அள்ளுவது யார் என்று மட்டும் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. பதில் அவள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கணவனின் தங்கை அதே தொழிற்சாலையில் கூட்டித் துடைப்பவள். வேலை வாங்கிக் கொடுத்ததே துருவிதான். சில மாதங்களாக அந்தப் பெண் கூன்விழுந்து, இப்போது நெற்றி தட்டைத் தொடும் அளவுக்குக் குனிந்திருந்தாள். கேட்டால், "ஒண்ணுமில்ல அண்ணி, சரியாத் தூங்கல" என்பாள். நலமான பணியிடத்தில் கூனலோடு ஒருத்தி நடமாடுவது பார்க்க நன்றாயில்லை, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளட்டும் என்று மேலாளர் சொல்லியனுப்பிய அன்றுதான் துருவி அவள் பின்னால் போனாள்.

பின்படிக்கட்டில் நாத்தனார் ஒரு சாக்கை முதுகில் சுமந்து சுவரைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள். கட்டடத்து அசதி முழுவதும் அதற்குள். கீழே வாய்க்காலில் கொட்டினால் கரைந்துவிடுமாம்.

"இம்புட்டையும் நீ ஒருத்தியா? அந்த நாற்காலில நீயும் கொஞ்சம் உக்காந்தா என்ன?"

"அது கம்பெனி ஆளுங்களுக்கு அண்ணி. நான் காண்ட்ராக்ட்."

துருவியால் சாக்கை அசைக்கக்கூட முடியவில்லை. இருவருமாக இழுத்து, தையல் கூடத்தின் நடுவில் கொட்டினார்கள். உருண்டைகள் உருண்டோடி அவரவர் சொந்தக்காரர் காலடியில் நாய்க்குட்டிபோல ஒண்டின. ஒன்று மட்டும் மேலாளரின் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டே இருந்தது. திறந்தவர், "இது என்னுது இல்ல," என்றார். அது அவர் மடியில் ஏறி உட்கார்ந்தது.

இது போன வாரம். அன்றிலிருந்து அவரவர் அசதியை அவரவரே இறக்கி வாய்க்காலில் விடுகிறார்கள். மாதக் கடைசிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இன்று மதியம் நாத்தனாரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதற்கு முன் துருவி மெத்தைக்கடியில் கைவிட்டுப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம்வரை விழுந்துகொண்டே இருந்தது. அறை ஜன்னல்மட்டத்துக்கு நிரம்பியது. எழுந்து நிமிர்ந்தபோது நாத்தனார் துருவியைவிட உயரம் என்பது தெரிந்தது. துருவி அதையும் ஒருமுறை பக்கத்தில் நின்று சரிபார்த்தாள்.

நாளைக்கு: நாத்தனாருடைய அசதியைக் கீழே இறக்க வேண்டும். முன்பக்கம் மேலாளர், பின்பக்கம் தையல்காரரும் துருவியும். படி ஈரமாக இருக்கும். மேலாளர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வர வேண்டும்.