கடலுக்கு விதித்த வரி

சலவைக்கடை அக்காவின் வீட்டுப் பின்ஜன்னலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடல் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் நகராட்சியின் வரி அலுவலகம் அந்த வீட்டைக் கடல் தெரியும் வீடு என்று பதிவு செய்து, சொத்து வரியை மூன்று மடங்காக உயர்த்தியிருந்தது. யார் கை தவறியது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த ஊரிலிருந்து கடலுக்குப் போக ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். ஜன்னலில் அதுவரை தெரிந்ததெல்லாம் பக்கத்து அச்சகத்தின் பூசாத சுவர். அக்கா பல் துலக்கிக்கொண்டே ஜன்னலைத் திறந்தபோது, சுவர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் அலையடித்துக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்து பார்த்தாள், சுவர் இருந்தது. ஜன்னலுக்குத் திரும்பி வந்தாள், கடல் இருந்தது. ஈரக்காற்றில் ஜன்னல் கீல் துருப்பிடித்துவிடுமே என்பதுதான் அவளுடைய முதல் கவலை.

அவள் கணவர் வேலைக்காலம் முழுக்க ஒரே தடத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கடலைப் பார்த்ததே கிடையாது. அன்றிலிருந்து அவருடைய நாற்காலி ஜன்னலோரம் போய்விட்டது, சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே போயிற்று. அக்காவுக்கு அப்படி உட்கார நேரமில்லை. முன்னறையில் தேய்த்து அடுக்கிய துணிகளில் உப்புப் பிசுபிசுப்பதாக வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். புதிய வரியைக் கட்டக் கடையின் வருமானம் முழுவதும் போதாது, கட்டாவிட்டால் வீட்டை ஜப்தி செய்வார்கள். வழக்கறிஞரான தங்கையைக் கூப்பிட்டு மேல்முறையீடு செய்யச் சொன்னாள்.

"ஜெயிச்சா கடல் போயிடுமோ?" என்றார் கணவர்.

"போனாப் போகட்டும். வீடே போச்சுன்னா ஜன்னல் எங்க இருக்கும்?" என்றாள் அக்கா. வழக்கு நடந்த காலம் முழுக்க, விடைபெறப் போகும் விருந்தாளியைப் பார்ப்பதுபோல அவர் அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. கடல் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே வரி சரி என்றது அலுவலகம். கடலைக் கொண்டுவந்ததே உங்கள் பதிவுதான் என்றாள் தங்கை. தீர்ப்பாயத் தலைவர் நேரில் வந்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியில் தெறித்த நீரைத் துடைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி நடந்தார். பின்னால் அச்சகச் சுவரில் கை வைத்து அழுத்தியும் பார்த்தார். வரி நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உரியது, நிலத்தில் நின்று பார்த்தால் கடல் இல்லை, ஆகவே சட்டத்தின் கண்ணில் இந்த வீட்டுக்குக் கடல் கிடையாது என்று தீர்ப்பெழுதினார். வரி பழையபடி இறங்கியது. கணவர் ஒரு வாரம் ஜன்னலைத் திறக்கப் பயந்து, பிறகு திறந்தார். தீர்ப்பு கடலுக்குப் போய்ச் சேரவில்லை போலும், அது அங்கேயே இருந்தது.

அந்த மாதம் தங்கையின் கறுப்புக் கோட்டைத் தேய்த்து எடுத்துக்கொண்டு அக்கா அவளுடைய அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் ஒரு பல் வைத்தியரின் பலகை தொங்கியது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், தங்கை வாடகை கொடுக்க முடியாமல் அறையைக் காலி செய்து, சமையலறை மேஜையில் வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் வழக்குக்காகத் தன்னிடம் வந்த பெரிய வழக்குகளை அவள் திருப்பி அனுப்பியிருந்தாள்.

"ஏன்டி எனக்குப் பில்லு அனுப்பல?"

"உங்கிட்டப் போய்ப் பில்லை நீட்டுவேனாக்கா?"

"அப்ப என் வழக்கு ஓசியா? தங்கச்சிகிட்ட ஓசியில வேலை வாங்கிட்டான்னு ஊர்ல என்னைப் பத்திப் பேசணுமா?"

இரண்டு பேரும் கோட்டை நடுவில் வைத்துக்கொண்டு நன்றாகச் சண்டை போட்டார்கள். சண்டையின் முடிவில்தான் தங்கை அந்தச் சட்டப்பிரிவைச் சொன்னாள். வரி மேல்முறையீட்டில் வீட்டுக்காரர் ஜெயித்து, வரி பாதிக்குமேல் குறைந்தால், அவருடைய வழக்கறிஞர் கட்டணத்தை வரி அலுவலகமே தர வேண்டும். கூடப் பிறந்தவளுக்கு வாதாடிவிட்டுக் கட்டணம் கேட்கக் கூச்சமாக இருந்தது என்றாள். மறுநாளே மனுப் போட வைத்தாள் அக்கா.

வரி அலுவலகத்தின் வழக்கறிஞர் அக்காவைக் கூண்டில் ஏற்றினார். "உங்க தங்கச்சி உங்ககிட்டக் காசு கேட்டாங்களா?"

"கேக்கல."

கட்டணமே இல்லாதபோது எதைத் திருப்பித் தருவது என்று சொல்லிவிட்டு அவர் உட்காரப் போனார். அக்கா கூண்டைவிட்டு இறங்கவில்லை.

"அவ கோட்டைத் துவைச்சுக் குடுத்தா நானும் காசு கேக்க மாட்டேன். ஆனா அவ ஒரு தடவைகூடக் காசு வைக்காமப் போனதில்ல, நானும் வேண்டாம்னு தள்ளுனதில்ல. எங்க வீட்ல பாசம் வேற, கூலி வேற. அவ ஒன்றரை வருஷம் உழைச்சிருக்கா. அந்தக் கடன் என் தலையில இருக்கு. ஜெயிச்சவங்க கடனை நீங்க தீர்க்கணும்னு சட்டம் சொல்லுதுன்னா, தீர்த்துடுங்க."

நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் தங்கையைக் கேட்டார். அவள் எழுந்து நின்றாள். ஒன்றரை வருட வேலையை நாள்வாரியாக எழுதிய நோட்டைத் தலைவரிடம் நீட்டினாள். அதைப் புரட்டிப் பார்த்த தலைவர், பணம் கைமாறியதா என்று சட்டம் கேட்கவில்லை, வேலை நடந்ததா என்றுதான் கேட்கிறது என்று சொல்லி, ஊரில் மற்ற வழக்கறிஞர்கள் வாங்கும் விகிதத்திலேயே கட்டணம் முழுவதையும் தரும்படி உத்தரவிட்டார். அலுவலகம் இரண்டு தடவை தவணை கேட்டுவிட்டு மூன்றாவது தடவை கொடுத்தது.

தங்கை வேறொரு தெருவில் அறை பிடித்தாள். மிச்சத்தில் என்ன வாங்குவது என்று அத்தானிடம் கேட்டாள், அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு படகு என்றார். லாரியில் வந்து இறங்கிய படகுக்காக, முறைப்படி அனுமதி வாங்கி, ஜன்னலை அகலப்படுத்தினார்கள். வரி அதிகாரி அளக்க வந்தபோது ஷூவெல்லாம் நனைந்துவிட்டது. இருந்தாலும் தீர்ப்பை மீற முடியாமல், கடல் இல்லை என்றே எழுதிக்கொண்டு போனார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது. அவசரமாகத் துணி வேண்டுமென்று யாராவது கதவைத் தட்டினால், மூன்று பேரும் கடலுக்குப் போயிருக்கிறார்கள், சாயங்காலம் வந்துவிடுவார்கள் என்று அச்சகத்துக்காரர் சொல்லி அனுப்புகிறார்.