ரெண்டாவது மெத்தை

பயிற்சியாம், பயிற்சி! படிக்கட்டுக்குக் கார்ப்பெட் போட்டுப் போட்டே முழங்கால் காய்த்துப்போன ஒரு மனுஷனைப் பிடித்து வகுப்பில் உட்கார் என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? முட்டிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கார்ப்பெட்டை இழுத்து விறைப்பாக்கும் கருவியை முழங்காலால் முட்டி முட்டித் தள்ளுகிறவன் என்பதால் தொழிலில் எல்லோருக்கும் அவன் முட்டிதான். வகுப்புக்குப் போகாதவனுக்குப் படிக்கட்டு வேலை கிடையாது என்று கடை முதலாளி ஒரே போடாகப் போட்டுவிட்டார். முட்டி முனகிக்கொண்டே போனான்.

வகுப்பு நடத்தியவள் அவனைவிட வயதில் சின்னவள். கூடத்தின் நடுவே எந்த மாடிக்கும் போகாத ஒரு மரப் படிக்கட்டு நின்றது. அதில் கார்ப்பெட் மெத்துமெத்தென்று போட்டிருந்தது. முட்டி காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, இதல்லவா வேலை என்று மெச்சிக்கொண்டான். பின்னே? போன வாரம் அக்கா வீட்டுப் படிக்கட்டில் அவனும் இப்படித்தானே போட்டிருந்தான்! அக்கா நிறைமாதம். கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கி, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு தங்கிய பிள்ளை. அவள் கால் நோகக் கூடாதென்று, கார்ப்பெட்டுக்கு அடியில் விரிக்கிற மெத்தையை ஒன்றுக்கு ரெண்டாகப் போட்டுக் கொடுத்திருந்தான்.

பயிற்சிக்காரி அவனைப் படிக்கட்டின் உச்சியில் நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்தாள். வயிற்றோடு அணைத்துக்கொண்டு, காலைப் பார்க்காமல் இறங்க வேண்டுமாம். இதென்ன பெரிய வித்தை என்று இறங்கினான். இரண்டு படிகூடத் தாண்டவில்லை. படியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று காலுக்குப் பிடிபடவே இல்லை. மெத்தை அமுங்க, குதிகால் சறுக்க, பாதித் தண்ணீர் அவன் சட்டையில், மீதி தரையில். கைப்பிடி மட்டும் கைக்கு எட்டியிராவிட்டால் பல் போயிருக்கும். வகுப்புக்கு வந்திருந்த மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பயிற்சிக்காரி சிரிக்கவில்லை. "ரூம்ல மெத்துனு இருக்கலாம், படியில கூடாது. அடியில மெல்லிசா, கெட்டியா போடணும். கீழ பார்த்து இறங்க முடியாதவங்களுக்கு விளிம்பை அவங்க கால்தான் சொல்லணும்."

கீழே பார்க்க முடியாதவங்க. முட்டிக்கு அக்காவின் நிறைமாத வயிறு கண்முன் வந்தது. வெளியே ஓடி அக்காவுக்கு போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். மாமா லாரியோடு வெளியூர் போயிருந்தார். வீட்டில் அவள் தனியாள். ஈரச் சட்டையோடு வேனைக் கிளப்பினான். பாழாய்ப்போன சிக்னல் ஒவ்வொன்றும் அவனைப் பார்த்துத்தான் சிவப்பானது.

கதவைத் தட்டிய தட்டில் தெருவே எட்டிப் பார்த்தது. மாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "வரேன்டா, கதவை உடைச்சிராதே."

"இறங்காதேக்கா! அங்கயே நில்லு!"

அவள் எந்தக் காலத்தில் அவன் பேச்சைக் கேட்டாள்? கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தான். அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே ஒரு படி நகர்ந்தாள், மூச்சு வாங்கினாள், அடுத்த படிக்கு நகர்ந்தாள். கீழே வந்து கதவைத் திறந்தபோது, அவன் அடித்து அடித்து ஓய்ந்த போன் சமையலறையில் கிடந்தது.

"போட்ட அன்னிக்கே கால் வழுக்கிருச்சு," என்றாள், ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் போல. "நல்லவேளை, சுவர் பக்கமா சாஞ்சேன். அதுலேர்ந்து இப்படித்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவ்வளவு ஆசையா போட்டுக் குடுத்தே. எப்படிடா சொல்றது?"

முட்டிக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதான். அக்கா அவன் சட்டை ஏன் ஈரம் என்று விசாரித்துத் துண்டால் ஒற்றிவிட்டாள்.

அன்றைக்கே பிய்த்துப் போடக் கை பரபரத்தது. ஆனால் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு மறுபடி கைவைக்க அவனுக்குப் பயம். அக்காவுக்குக் கீழே கூடத்தில் படுக்கை போட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பினான். முடிகிறவரை முன்வரிசையை விட்டு நகரவில்லை. கேள்வி கேட்டுக் கேட்டுப் பயிற்சிக்காரியின் உயிரை எடுத்தான்.

பிறகு வந்து எல்லாவற்றையும் பிரித்தான். மெல்லிய, கெட்டியான மெத்தை ஒன்றை மட்டும் விரித்தான். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கார்ப்பெட்டைத் தோல் போல ஒட்ட இழுத்து முடுக்கினான். முடித்ததும் வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, வயிற்றோடு அணைத்து, காலைப் பார்க்காமல் இறங்கினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை இறங்கினான்.

அடுத்தது அக்காவின் முறை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே போனவள், திரும்பி நின்றாள். முட்டி கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"கையை இறக்குடா," என்றாள். "வேலை சரியா இருந்தா கை எதுக்கு?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அக்கா நின்றபடியே, கைப்பிடியில் கையை லேசாக வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். கடைசிப் படியையும் தாண்டி, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள்.

"முன்ன மாதிரி மெத்துனு இல்லடா," என்றாள் உள்ளேயிருந்து. "டீ போடட்டுமா?"