பேர் சொன்ன கறி

குணசீலனுக்கு ஒதுக்கிய ஆட்டுக்கறியின் வாசனை, பங்குனி மாதத்து ஒரு மத்தியானம், புதூர்நாட்டு மலையில் ஜீப் ஏறித் திருப்பத்தூருக்குப் போனது. கறி மலையிலேயே இருந்தது, வாசனை மட்டும்தான் போனது. ஜீப் ஓட்டிய பூபாலன், வண்டியில் இருந்தவர்கள் மலை இறங்கும்வரை எச்சில் விழுங்கிக்கொண்டே வந்தார்கள் என்றும், பஸ் நிலையத்தில் அது இறங்கிப் பெங்களூர் பஸ்ஸில் ஏறியதென்றும் சொல்கிறான். பூபாலன் மற்ற விஷயங்களில் வாய்கூசாமல் புளுகுவான். இதில் புளுகவில்லை.

அந்த ஊரில் ஆடு அறுத்தால் வீட்டுக்கு ஒரு கூறாகப் பிரித்து, வீட்டுக்காரன் பெயரை உரக்கச் சொல்லித்தான் கொடுப்பார்கள். கூறு விழாதவன் ஊரில் இல்லாதவன். அந்தப் பங்குனிக்குச் சில வருஷங்களுக்கு முன் திருவிழாக் கறியைக் கூறு போட்ட மாதையன், தன் தங்கை ஈஸ்வரியின் புருஷன் குணசீலன் பெயரை விட்டுவிட்டான். காரணம் வேடிக்கையானது. கூறு வைக்கத் தேக்கிலை பறித்து வரக் காட்டுக்குப் போயிருந்தவனே குணசீலன்தான். கண்ணில் படாதவன் நினைவிலும் படவில்லை. இலைக்கட்டோடு ஊர் எல்லைக்கு வந்தவன் காதில் கடைசிப் பெயர்வரை விழுந்தது, தன் பெயர் விழவில்லை. “எனக்குக் கூறு இல்லாத ஊர்ல எனக்கு இன்னா வேல?” என்று வழியில் நின்ற முத்தம்மாவிடம் கேட்டுவிட்டு, தலைச்சுமையோடு அப்படியே திரும்பி நடந்தான். பிறகு சேதி இல்லை. இருந்தால் வந்திருக்க மாட்டானா என்று ஊர் பேசியது. அந்தப் பங்குனி முடிந்து சித்திரை பிறந்ததும் கருமாதி செய்து ஈஸ்வரியின் தாலியை இறக்கிவிடலாம் என்று முடிவு சொன்னவனும் மாதையன்தான். தப்பு செய்தவனுக்குத்தான் கணக்கை முடிக்க அவசரம்.

ஈஸ்வரி பலாமரத்தடி நிலத்தைக் கூடாரம் போட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவள். அந்தப் பங்குனியில் வேலூரிலிருந்து கோகுல்ராஜும் அவன் மனைவி கல்பனாவும் மடக்கிப் பையில் போடும்படியான ஒரு கரி ஓவனோடு வந்தார்கள். கீழே கங்கு, மூடியின் மேலும் கங்கு, நடுவில் மசாலா தடவிய ஆட்டுத்தொடை. கறி சிவந்து, நெய் சொட்டி, வாசனை பலாமரத்துக்கு மேலே எழும்பியது. சாப்பிடக் கூப்பிட்டுக் கத்தியை அவள் கையிலேயே கொடுத்தார்கள். கறியைக் கண்டதும் அவள் பழக்கத்தில் கூறு போட்டுப் பெயர் சொல்லத் தொடங்கினாள். கடைசிக் கூறின் முன்னால் கொஞ்சம் தயங்கினாள். கல்யாணமான நாளாக அவள் வாயால் சொல்லாத பெயர் அது.

“குணசீலன்” என்றாள்.

அந்த நொடியில் கறிக்கு வாசனை நின்றது. கோகுல்ராஜ் குனிந்து குனிந்து முகர்ந்து பார்த்தான். ருசி இருந்தது, சூடு இருந்தது, வாசனைதான் இல்லை. கல்பனா மூடியைத் தூக்கி ஓவனுக்குள்ளும் முகர்ந்தாள், அங்கேயும் இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது, “இது உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா” என்று ஓவனை ஈஸ்வரியிடமே விட்டுப் போனாள்.

அடுத்த வாரம் வாசனை அதே ஜீப்பில் திரும்பி வந்தது. கூடவே மல்லிகை மாதிரி ஒரு மணம். குடகுக்கு வேலைக்குப் போய் வந்திருந்த முத்தம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு அழுதேவிட்டாள்.

“மல்லி இல்லடி, காப்பிப் பூ. மழ பேஞ்சா குடகு முச்சூடும் இப்டித்தான் மணக்கும். உன் வூட்டுக்காரன் உசுரோட கீறான்டி!”

“குடகு இன்னா நம்ம கொல்லையா, எங்கன்னு போய்த் தேடுறது?” என்றான் மாதையன்.

“தேடிப் போய்க் கூப்ட்டா வரமாட்டாருண்ணா. நீ விட்ட பேர நீயே சொல்லிக் கூறு போடு” என்றாள் ஈஸ்வரி.

மாதையன் தலை குனிந்தான். மறுநாள் தன் கிடாவையே அறுத்து, தொடையை அந்த ஓவனில் சுட்டு, ஊரைக் கூட்டி, முதல் கூறுக்குக் குணசீலன் பெயரைச் சொன்னான். குரல் உடைந்து பாதிதான் வந்தது. வாசனைக்கு அது போதுமானதாக இருந்தது. பூபாலன் அதற்காக முன்சீட்டைக் காலி செய்து வைத்திருந்தான்.

சித்திரை முதல் வாரத்தில் குணசீலன் ஜீப்பிலிருந்து இறங்கினான். தலைமுடி நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. தலையில், ஊரை விட்டுப் போன அன்றைக்குப் பறித்த அதே தேக்கிலைக் கட்டு, ஒரு இலைகூட வாடாமல், காம்பில் ஈரம் காயாமல் இருந்தது. ஊரே எழுந்து நின்றது. அவன் நேராக மாதையனிடம் போய்க் கட்டை இறக்கினான்.

“எல கொண்டாந்துட்டேன் மச்சான்.”

மாதையன் ஒரு இலையை உருவித் துடைத்தான். ஈஸ்வரி ஓவன் மூடியைத் திறந்தாள். மாதையன் பெயர் சொல்லி வைத்த கூறு உள்ளே ஆவி பறக்க இருந்தது. குணசீலன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றான்.

இப்போதும் பலாமரத்தடியில் கூடாரம் போடுகிறவர்கள் அந்த ஓவனில்தான் கறி சுடுகிறார்கள். வெளியூரில் இருக்கும் யாருக்காவது ஒரு கூறு வைத்துப் பெயர் சொன்னால் வாசனை காணாமல் போகும். ஈஸ்வரியிடம் கேட்டால், “ஜீப்ல போய்க்கீதுங்க, வந்துடும்” என்பாள். அவர்களும் சரியென்று சாப்பிட உட்காருகிறார்கள்.