காட்டுப்பூனைக்கு ஒரு வரி

செவ்வாய்க்கிழமை பிற்பகல் கூட்டம் தொடங்கிவிட்டது என்பதை, ஆர்வில் டிரான்பியின் தகர டப்பா திறக்கும் ஓசையால் நாங்கள் அறிந்துகொள்வோம். நவம்பர் பிறந்துவிட்டால் அவருடைய மனைவி உருளைக்கிழங்கு மாவில் மெல்லிய லெஃப்சா ரொட்டிகளைச் சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி அனுப்புவார். டுலூத் நகரின் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆட்டப் படங்களை வெட்டித் தொகுப்பது என் பணி. ஆகவே பயிற்சியாளர்கள் வாதிடும்போது திரையருகே அமர்ந்து, கேட்ட படத்தைக் கேட்ட கணத்தில் ஓட்டிக் காட்டும் கடமையும், இரண்டு லெஃப்சா உண்ணும் உரிமையும் எனக்கு இருந்தன.

ஆர்வில் ஓட்டக்காரர்களுக்கான பயிற்சியாளர். ஞாயிறுதோறும் தலைமைப் பயிற்சியாளர் கையில் ஏந்தும் ஆட்டத்தாளில் நூற்றுப் பதினெட்டு வரிகள் உண்டு; ஒவ்வொன்றும் ஒரு வியூகத்தின் பெயர். அவற்றுள் ஒரே ஒரு வரிதான் ஆர்விலுக்குச் சொந்தமானது. அதன் பெயர் காட்டுப்பூனை.

வழக்கமான ஆட்டத்தில் பந்து முதலில் எறியாளரின் கைக்கு வரும். அவர் அதை ஓட்டக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா நிற்பார். காட்டுப்பூனையிலோ, பந்து நேராக ஓட்டக்காரரின் கைக்கே வந்துவிடும். எறியாளர் மைதானத்தின் ஓரத்திற்குச் சென்று, தம்மைக் காவல் காக்க எதிரணியில் ஒருவரை இழுத்துக்கொள்வார். ஒரு காலத்தில் இந்த வியூகம் பெரிய அணிகளையெல்லாம் தடுமாற வைத்தது. பின்னர் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த வாரம், புதிதாகப் பொறுப்பேற்றிருந்த தாக்குதல் பயிற்சியாளர் எமெட் நககாவா, அந்த வரியை அடித்துவிட வேண்டும் என்று முன்மொழிந்தார். எண்களின்மீது தீராத பற்றுடையவர் அவர்.

"ஆர்வில், கோவிச்சுக்காதீங்க. இந்த சீசன்ல ஒன்பது தடவை ஆடினோம். சராசரி ரெண்டரை கெஜம். சாதாரணமா ஓடினா நாலு."

"அந்த ஒன்பதுல ஆறு தடவை எல்லைக் கோட்டுக்குப் பக்கத்துல நின்னு ஆடினது எமெட். ஒரு கெஜம்தான் மிச்சம் இருந்துச்சு. ஒரு கெஜம் பாக்கி இருக்கிற இடத்துல எப்படிப்பா நாலு கெஜம் ஓடுறது? டிக்கெட் வாங்கி கேலரிக்குள்ள ஓடணுமா?"

அறை சிரித்தது. நககாவாவும் சிரித்தார். ஆயினும் தாளை மூடவில்லை.

"சரி, அதை விடுங்க. ஓட்டக்காரன் பந்தை எறிய மாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் எதிரணி எதுக்குப் பின்னால ஆள் நிறுத்தணும்? மொத்தப் பேரும் முன்னால வந்து அடைச்சுக்கிறான். இது பழைய வித்தை. இதுக்கு வாரத்துல எட்டு நிமிஷம் பயிற்சி வேற. பன்னெண்டு வாரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க."

"எனக்கு எட்டு நிமிஷம் குடுக்கறே, அதுல மூணு நிமிஷம் எல்லாரும் தண்ணி குடிக்கிறாங்க."

தலைமைப் பயிற்சியாளர் ரோலண்ட் பிக்ஸ்பி மூன்றாவது லெஃப்சாவை எடுத்தவாறே தீர்ப்பு வழங்கினார். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. வியாழக்கிழமை மூணு தடவை ஆடிப் பார்ப்போம். ரெண்டு தடவையாவது நாலு கெஜம் வந்தா வரி இருக்கும். வரலைன்னா அடிச்சிடறேன். ஆர்வில், சம்மதமா?"

"சம்மதம் கோச்," என்றார் ஆர்வில். டப்பாவை மூடினார். பதினோரு ஆண்டுகளாக அந்த வரி அங்கே இருந்தது. அது போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளில் அவருடையது என்று சொல்ல ஒன்றுமே இராது.

அதே நாளில் வேறொரு சிறு நிகழ்வும் நடந்தது. அந்த ஞாயிறு எங்களோடு மோதவிருந்த ஒமாஹா அணி, டெவன் டட்டில் என்னும் மாற்று ஆட்டக்காரரை முந்தைய நாள் விடுவித்திருந்தது. எதிரணி கைவிட்டவரை அந்த வாரமே சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய இரகசியங்களை விசாரிப்பது எங்கள் உலகில் எல்லோரும் செய்யும் காரியம். டட்டிலையும் அவ்வாறே சேர்த்துக்கொண்டோம். ஒமாஹாவின் கைச்சைகைகள் பற்றி ஒன்றரை மணி நேரம் கேட்டோம். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை சுப்பீரியர் ஏரியிலிருந்து வீசிய காற்று காதுகளை அறுத்தது. எங்கள் ஓட்டக்காரர் ஜெரிக்கோ பெல்லாமி பந்துக்காக வளைந்து நின்றார். எதிரே எங்கள் பயிற்சிக் குழு ஒமாஹாவைப் போல் அணிவகுத்தது. அவர்களுக்கு நடுவே டட்டில் நின்றார்.

முதல் முறை, பந்து கைக்கு வருமுன்பே டட்டில் கத்தினார்: "வலது பக்கம்! வலது பக்கம் வர்றான்!" பெல்லாமி வலப்பக்கம்தான் வந்தார். ஒரு கெஜம்கூட நகரவில்லை.

இரண்டாம் முறை: "இப்ப நடுவுல! இடது கால் முன்னால இருக்கு பாரு!" ஒரு கெஜம்.

மூன்றாம் முறை பெல்லாமி பந்தோடு நேராக டட்டிலின் மார்பிலேயே சென்று மோதி விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே, "யோவ், நீ யாருய்யா? என் வீட்டுக்குள்ளயே குடியிருக்கிறவன் மாதிரி பேசுற!" என்றார்.

பிக்ஸ்பி சீழ்க்கை ஊதி அடுத்த பயிற்சிக்குச் சென்றார். ஆர்வில் தொப்பியைக் கழற்றி மறுபடி அணிந்தார். அவ்வளவுதான். நககாவாவின் முகத்திலும் வெற்றிக் களிப்பு இல்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

மதிய உணவில் காட்டரிசி சூப் வைத்திருந்தார்கள். நககாவா தம் தட்டை எடுத்துக்கொண்டு டட்டிலின் எதிரே போய் அமர்ந்தார். பக்கத்து மேசையில் ஆர்விலும் நானும் இருந்தோம்.

"டட்டில், ஒவ்வொண்ணையும் முன்னாடியே சொன்னியே, எப்படி?"

"எப்படின்னா? நான்தானே பெல்லாமி!"

"என்னது?"

"அக்டோபர்ல உங்களோட மோதினோம்ல, அதுக்கு முந்தின வாரம் ஒமாஹா பயிற்சியில பெல்லாமியா நடிச்சது நான்தான் சார். அவனோட இருபத்தாறாம் நம்பர் சட்டைகூடப் போட்டு விட்டாங்க. உங்க படத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து அவன் எந்தக் காலை எப்ப வைப்பான்னு எனக்கு மனப்பாடம்."

பெல்லாமி தூரத்திலிருந்து கரண்டியை உயர்த்தினார். "அதான் பார்த்தேன்! இவ்வளவு அழகா ஒருத்தன் ஓடுறானேன்னு!"

நககாவா சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "காட்டுப்பூனைக்கு மட்டும் எவ்வளவு நேரம் ஒதுக்கினாங்க?"

"புதன் இருபத்தஞ்சு நிமிஷம், வியாழன் இருபத்தஞ்சு. எங்க தடுப்பு கோச்சுக்கு அந்த வியூகத்தைக் கண்டாலே தூக்கம் போயிடும். தப்பா நின்னா மறுபடி, மறுபடி. கடைசியில நீங்க அந்த ஆட்டத்துல அதை ஒரு தடவைகூட ஆடலை! பஸ்ல போறப்ப மனுஷன் புலம்பிக்கிட்டே வந்தாரு. இந்த வாரமும் புதன்கிழமை திட்டத்துல அது இருந்துச்சு. போர்டுல எழுதியிருந்ததை நானே பார்த்தேன். அதுக்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டு, பையை எடுத்துக்கோன்னாங்க."

நககாவா கை துடைக்கும் தாளில் எட்டு என்று எழுதினார். அதன் அருகே ஐம்பது என்று எழுதினார். இரண்டையும் வட்டமிட்டார். பின்னர் நாற்காலியைத் திருப்பி ஆர்விலை நோக்கினார்.

"நம்ம எட்டு நிமிஷத்துக்கு அவங்க அம்பது நிமிஷம் செலவு பண்றாங்க."

"இதைத்தானே எமெட் நான் பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்கேன்!"

"சொன்னீங்க. எண்ணோட சொல்லலை."

"நான் என்ன வாயில கால்குலேட்டர் வெச்சிக்கிட்டா பேசுறேன்?"

"இன்னொண்ணு. இன்னிக்கு நடந்த சோதனை செல்லாது. நம்ம பசங்க இதை வாராவாரம் பார்க்கிறாங்க, இவன் வேற பெல்லாமியாவே வாழ்ந்திருக்கான். இவங்ககிட்ட எடுபடலைன்னா உலகத்துல எங்கயும் எடுபடாதுன்னு அர்த்தமில்லை. நான் கோச்கிட்ட பேசறேன்."

அவர் பேசினார். வரி தப்பியது. ஆனால், ஞாயிறு ஆட்டம் வரைக்கும் மட்டுமே என்று பிக்ஸ்பி நிபந்தனை விதித்தார்.

ஞாயிறன்று நான்காம் கால்பகுதியில் இரண்டு நிமிடமும் பத்து வினாடியும் எஞ்சியிருந்தன. நாங்கள் மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தோம். மூன்றாம் முயற்சி. இன்னும் ஒரு கெஜம் கடந்தால் பந்து எங்களிடமே தங்கிவிடும். கடக்காவிட்டால் அடுத்த முயற்சியில் பந்தை உதைத்து ஒமாஹாவிடம் ஒப்படைக்க நேரும். அவர்களிடம் ஆட்டத்தையும் கடிகாரத்தையும் நிறுத்தும் உரிமை ஒன்றே ஒன்று மீதமிருந்தது.

பிக்ஸ்பி தாளை நககாவாவிடம் நீட்டினார். நககாவா ஒரு கணம்கூடத் தாமதிக்காமல், "காட்டுப்பூனை" என்றார். நான் ஆர்விலைப் பார்த்தேன். அவர் மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதை வாயிலேயே நின்றுவிட்டது.

எங்கள் எறியாளர் ஓரத்திற்கு நடந்தார். பெல்லாமி நடுவில் வந்து நின்றார். அவ்வளவில் ஒமாஹா கலைந்தது. மூவர் வலப்புறம் ஓடினர். அவர்களில் ஒருவர் மீண்டும் இடப்புறம் ஓடினார். இருவர் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டி உரக்கக் கத்தினர். மைதானத்தின் மறுபக்கத்தில் அவர்களுடைய தடுப்புப் பயிற்சியாளர் இரு கைகளையும் ஆட்டியபடி கோடுவரை ஓடிவந்தார். சீழ்க்கை ஒலித்தது. ஒமாஹாவின் கடைசி நிறுத்தமும் செலவாகிவிட்டது.

பெல்லாமி எங்களிடம் ஓடிவந்தார். "கோச், இப்ப அதையே ஆடிடட்டுமா?"

"உங்க ஆட்டம் ஆர்வில். நீங்களே சொல்லுங்க," என்றார் நககாவா.

ஆர்வில் மறுபக்கத்தை உற்றுநோக்கினார். ஒமாஹா தன் கனத்த தடுப்பாளர் இருவரை வெளியே அழைத்து, விரைந்தோடும் மெலிந்த இருவரை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. ஓரங்களில் பெல்லாமியைத் துரத்துவதற்கான ஏற்பாடு அது.

"வேணாம்," என்றார் ஆர்வில். "அதே ஆளுங்களோட போங்க. ஆனா எறியாளரையே நடுவுல நிறுத்துங்க. பந்தை வாங்கினதும் நேரா முட்டித் தள்ளட்டும். நடுவுல இப்ப எடையே இல்லை."

"உங்க வியூகத்தை ஆடவே போறதில்லையா?"

"அது தன் வேலையை முடிச்சிட்டுக் குளிக்கப் போயிடுச்சு எமெட்."

எறியாளர் முட்டினார். மூன்று கெஜம் நகர்ந்தது. அதன்பின் கடிகாரத்தை நிறுத்த ஒமாஹாவுக்கு வழியில்லை. எங்கள் ஆள் பந்தை மார்போடு அணைத்து மூன்று முறை மண்டியிட, ஆட்டம் முடிந்தது. பெல்லாமி டட்டிலைத் தூக்கிச் சுற்றினார்.

அடுத்த செவ்வாயன்று டப்பா திறந்தது. நககாவா புள்ளிவிவரத் தாளை விரித்தார்.

"காட்டுப்பூனை. ஆடியது பூஜ்யம். கெஜம் பூஜ்யம். அதனால, அது இன்னும் வேலை செய்யுதுங்கிறதுக்கு இந்தத் தாள்ல சாட்சி இல்லை."

"அடப்பாவி!" என்றார் ஆர்வில், வாய் நிறைய லெஃப்சாவுடன்.

"அவசரப்படாதீங்க. புதுசா ஒரு கட்டம் சேர்த்திருக்கேன்: எதிரணியோட செலவு. ஒரு டைம் அவுட், சுமார் அம்பது நிமிஷம். ஆனா ஆடாமலேயே ஜெயிக்குதுன்னா, பயிற்சி எதுக்கு? நாலு நிமிஷம் போதும்."

"சும்மா நின்னா நம்புவானா? நல்லா ஆடத் தெரிஞ்சவன் நின்னாத்தான் பயப்படுவான். பத்து நிமிஷம் குடு."

"ஆறு."

"எட்டு. மிச்சமிருக்கிற லெஃப்சா உனக்கு."

நககாவா டப்பாவினுள் எட்டிப் பார்த்தார். இரண்டு இருந்தன. "எட்டு," என்றார்.

பிக்ஸ்பி புதிய ஆட்டத்தாளில் அந்த வரியைத் தொடாமல் கையொப்பமிட்டார். பின்னர் ஆர்வில் என் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமைப் படத்தை ஒருமுறை ஓட்டச் சொன்னார். ஒன்பது வினாடி நீளமுள்ள படம் அது. அதில் பந்து அசையவே இல்லை. ஒமாஹாக்காரர்கள் மட்டும் இங்குமங்கும் ஓடினார்கள். அவர் கேட்டுக்கொண்டபடி, அதை நான் நான்கு முறை ஓட்டினேன்.