இருபத்தெட்டு நொடி

நெடுமாறன் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். டீ வைத்துக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். பூட்டைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தான். வண்டியில் வரும்போது ராஜகிரிக் கோட்டைப் பாறைமேல் வெயில் ஏறியிருந்தது. மனைவி அனு இறந்து எட்டு மாதமாக எல்லாக் காலையும் இதேதான்.

திண்டிவனம் சாலையில் அவன் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையில் மட்டும் அன்று காலை வேறாக இருந்தது. மூன்று வாரம் முன்பு வந்திறங்கிய லேசர் இயந்திரத்துக்கு முதல் ஆள் வந்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் உட்பட எல்லோரும் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். டாக்டரைத் தவிர இயந்திரத்தை ஓட்டப் பயிற்சி பெற்றவன் நெடுமாறன் ஒருவன்தான்.

வந்தவள் தமிழினி. அவலூர்பேட்டைக் கபடிக்காரி. இரண்டு கண்ணும் மைனஸ் ஒன்பது. கண்ணாடியோடு களத்தில் இறங்க விடமாட்டார்கள். லென்ஸ் போட்டால் புழுதி உள்ளே போய் உறுத்துகிறது. மூன்று மாதத்தில் மாநில அணித் தேர்வு. கருவிழிக்குள் மெல்லிய வில்லை ஒன்றை லேசரால் வெட்டி எடுத்துவிட்டால் கண்ணாடி வேண்டாம்.

வெட்ட இருபத்தெட்டு நொடி. அதுவரை ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் உறிஞ்சிக் கண்ணைப் பிடித்திருக்கும். தலை அசைந்தால் பிடி விட்டுவிடும்.

"ஆடக் கூடாதும்மா, சரியா?" என்றார் டாக்டர் அமிர்தவல்லி.

தமிழினி சரியென்று தலையை இடமும் வலமும் ஆட்டினாள். பிடி விட்டது.

மறுபடி கிண்ணத்தை வைத்தார்கள். நர்ஸ் மீனம்பாள் அவள் தோளைத் தொட்டு, "பயம் ஒண்ணும் இல்லல்ல கண்ணு?" என்றாள். மறுபடி அதே ஆட்டம். மறுபடி விட்டது.

கதவுக்கு வெளியே நின்ற அவள் அப்பா, பெயர் பாவாடை, தலையில் அடித்துக்கொண்டார். "ஆட்டத்துல ஏழு பேர் புடிச்சாலும் நிக்க மாட்டா. இங்க மட்டும் நிப்பாளா?"

"நைனா, நீ சும்மா இரு. அவங்க கேக்கறாங்க, தல தானா ஆடுது. நான் இன்னா பண்றது?" என்றாள் தமிழினி படுத்தபடியே.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு சிவக்குது மாறன். இன்னும் ஒரே தடவ. வெட்டும்போது பாதியில விட்டா இந்தக் கண்ணுக்கு இந்த வைத்தியமே கெடையாது."

நெடுமாறனின் காதுக்குள் இதயம் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

"யாரும் கேள்வி கேக்க வேணாம் டாக்டர்."

"பேசாம இருந்தா இன்னும் பயப்படுவா."

"நான் பேசறேன். கேள்வி இல்லாம."

மீனம்பாள் திரும்பிப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அவன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

கிண்ணம் கண்ணில் படிந்தது. பிடித்தது. டாக்டர் லேசரின் பெடல் கட்டையை மிதித்தார்.

"தமிழினி, பதில் வேணாம். பச்ச லைட்ட மட்டும் பாரு. ஒரு நொடிய ஆயிரம் பங்கு ஆக்கு. அதுல ஒரு பங்க மறுபடி ஆயிரம் பங்கு. இப்பிடி அஞ்சு தடவ. அந்தத் துளியில சில நூறுதான் இந்த லேசர் ஒரு தடவ மின்னுற நேரம்."

திரையில் வெண்மை விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு வந்தது. ஒன்பது. பத்து.

"ஒரு நொடியில பூமிய ஏழு சுத்து சுத்துற வெளிச்சம், அந்த நேரத்துல ஒரு தலமுடியத் தாண்டவே தெணறும். அவ்ளோ சீக்கிரம் மின்னி அணைஞ்சா சூடு பரவ நேரமில்ல. தொட்ட எடத்துல ஒரு குமிழி. பக்கத்து எடத்துக்குச் சேதியே போவாது. மாத்திர அட்டையில கிழிக்கறதுக்கு ஓட்டை ஓட்டையா இருக்குமே, அந்த மாதிரி உள்ளுக்குள்ள வரிசையா போட்டுக்கினு போவுது."

பதினெட்டு. வெண்மை நடுவிலிருந்து விளிம்புக்குத் திரும்பியது. தமிழினியின் கால் கட்டைவிரல் மட்டும் விறைத்து நின்றது. தலை அசையவில்லை.

"நீ கபடி பாடி ஓடறப்ப செல்லுல படம் எடுத்தா மங்கலாத்தான் வரும். அணுங்க உன்னவிட வேகம். ரெண்டு அணு ஒட்டறதையும் பிரியறதையும் படம் புடிக்கணும்னா விஞ்ஞானிங்களுக்கும் இந்த மாதிரி மின்னல்தான் வேணும்."

இருபத்தெட்டு.

பிடி தளர்ந்தது. டாக்டர் இடுக்கியால் அந்த வில்லையை இழுத்து வெளியே எடுத்தார். வெங்காயத்தின் உள்தோல்போல் ஒளி ஊடுருவும் ஒரு சிறு வட்டம். கதவுக்கு வெளியே யாரோ கைதட்டினார்கள். அடுத்த கண்ணுக்கும் நெடுமாறனே பேசினான். முதல் தடவையே பிடித்தது.

எழுந்து உட்கார்ந்த தமிழினி எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பனி மாதிரி இருக்குது. ஆனா மணி பத்தே முக்கால்."

பாவாடை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நெடுமாறனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் போன பின்னும் நெடுமாறனின் முகம் சூடாக இருந்தது. எல்லாவற்றையும் உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"இதெல்லாம் யாருக்குச் சொல்லிப் பழகன தம்பி?" என்றாள் மீனம்பாள்.

"அனுவுக்கு. ஐசியூவுல பக்கத்துல உக்காந்து."

"பாவம். கடைசியில கூட 'அவரப் பாத்துக்குங்க'ன்னு சொல்லிச்சின்னு அவங்கம்மா சொல்லி அழுதாங்க."

இதை யார் சொன்னாலும் அவன் மறுத்ததில்லை. அன்று மறுத்தான்.

"அவ அத சொல்லலக்கா."

"பின்ன இன்னா சொல்லிச்சி?"

ஆக்சிஜன் முகமூடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு அனு கடைசியாகச் சொன்னது இதுதான்.

"நடுவுல தூங்கிட்டன் மாறா. மறுபடி மொதல்லேருந்து சொல்லு."